ஜின்செங்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் சொக்லேட், விட்டமின் போத்தல், கோடாலித் தைலம் என்று கொண்டுவருகிற பொருள்களோடு இப்போது ஜின்செங் பெட்டியும் சேர்ந்துவிட்டது. கொரியாவில் வேலை செய்கிற பிள்ளைகள் சிவப்பு ஜின்செங் சாறு அனுப்புகிறார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவோ அப்பாவோ மருந்துக்கடைக்கு வருவார்கள். "இதை எப்படித் தம்பி குடிக்கிறது? எங்கடை குளிசையளோடை சரிவருமோ?" என்று கேட்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது. ஜின்செங் நல்ல வேர்தான். ஆனால் இங்கே அதைப் பரிசாகப் பெறுகிறவர்களில் பலர் ஏற்கெனவே கிளினிக் கொப்பியும் கையுமாக இருக்கிறவர்கள். அவர்களை நினைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஜின்செங் என்ன மாதிரியான செடி?

முழங்கால் உயரச் செடி. குளிர்நாட்டுக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளரும். கோடை முடிகிற நேரம் நடுத்தண்டில் சிவப்புப் பழக்கொத்து ஒன்று நிற்கும். பனிக்காலம் வந்தால் மேலே உள்ளதெல்லாம் பட்டுப்போக, வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து அடுத்த வசந்தத்தில் திரும்ப முளைக்கும். மருந்தாவது அந்த வேர்தான். தோண்டி எடுக்க 4 முதல் 6 ஆண்டு பொறுக்க வேண்டும். அதுதான் விலைக்கும் காரணம்.

முழு வேர் கிடைத்தால் தலைப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். தண்டு இருந்த இடத்தில் ஒடுங்கிய கழுத்துப் பகுதி ஒன்று இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் தண்டு விழுந்த இடத்தில் ஒரு தழும்பு விழும். தழும்புகள் மாறிமாறி இடமும் வலமுமாக ஏறிப்போகும். அவற்றை எண்ணினால் வேரின் வயது ஓரளவு தெரியும். வேரில் உள்ள முக்கியமான சத்துகளை ஜின்செனோசைட் என்கிறார்கள். இவை சபோனின் வகை. தண்ணீரில் அடித்தால் நுரைக்கிற கூட்டம்.

கொரிய ஜின்செங், கனடா ஜின்செங், சைபீரிய ஜின்செங் எல்லாம் ஒன்றா?

இல்லை. முதலில் இதை வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியில் 'ஜின்செங்' என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்கினால் உள்ளே எது இருக்கிறது என்றே தெரியாமல் குடிப்பீர்கள்.

கொரியாவிலும் சீனாவிலும் வளர்வது பானாக்ஸ் ஜின்செங். வட அமெரிக்காவில் வளர்வது பானாக்ஸ் குவின்குவிபோலியஸ். கனடாவில் இருந்து வருகிற வேர் பெரும்பாலும் இதுதான். இரண்டும் ஒரே குடும்பத்துச் சகோதரங்கள். ஆனால் உள்ளே இருக்கிற ஜின்செனோசைட்டுகளின் கலவை வேறு, உடம்பில் செய்கிற வேலையிலும் வித்தியாசம் உண்டு. பானாக்ஸ் நோட்டோஜின்செங் என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. சீன வைத்தியத்தில் அதை இரத்தப்போக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் கொடுப்பார்கள்.

'சைபீரிய ஜின்செங்' என்பது வேறொரு முட்செடியின் வேர். தூரத்து உறவு. அதில் ஜின்செனோசைட் கிடையாது. 'பிரேசில் ஜின்செங்', 'இந்திய ஜின்செங்' எல்லாம் விற்பனைக்கு வைத்த பெயர்கள். பெட்டியின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் தாவரப் பெயர் இருக்கும். அதில் பானாக்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நான் கீழே சொல்வது ஒன்றும் அந்தப் பெட்டிக்குப் பொருந்தாது.

சிவப்பு ஜின்செங், வெள்ளை ஜின்செங் என்கிறார்களே?

செடி ஒன்றுதான், பதப்படுத்துகிற முறைதான் வேறு. தோண்டிய வேரைத் தோல் சீவி வெயிலில் காயவைத்தால் வெள்ளை. தோலோடு நீராவியில் அவித்து, பிறகு காயவைத்தால் செம்மண்ணிறமாகிக் கண்ணாடி போல இறுகும். அது சிவப்பு. அவிக்கிறபோது சில ஜின்செனோசைட்டுகள் மாறிப் புதியவை உண்டாகின்றன, வேரும் கனகாலம் கெடாமல் இருக்கிறது. கொரியர்கள் 6 ஆண்டு வேரில் செய்த சிவப்பு ஜின்செங்கை உயர்வாக மதிப்பார்கள். கொரியாவின் கும்சான் என்ற ஊரின் பாரம்பரிய ஜின்செங் விவசாயத்தை ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 2018இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது.

சீனத்து மருந்து கனடாவில் எப்படி விளைகிறது?

இது நல்ல கதை. 1711இல் சீனாவில் இருந்த ழார்த்தூ என்ற இயேசுசபைப் பாதிரியார், மன்சூரியாவில் பார்த்த ஜின்செங் செடியைப் படத்தோடு ஒரு கடிதத்தில் எழுதினார். இதே காலநிலை உள்ள கனடாவிலும் இந்தச் செடி இருக்கக்கூடும் என்றும் ஊகித்தார். அந்தக் கடிதம் மொன்றியலுக்கு அருகே மோஹாக் மக்களிடையே பணிசெய்த லஃபித்தோ என்ற இன்னொரு பாதிரியாரின் கைக்குக் கிடைத்தது. அவர் தேடித்தேடி 1716இல் அந்தச் செடியைக் கண்டுபிடித்தார். மோஹாக் மக்களுக்கு அது முன்பே தெரிந்த மருந்து.

அப்புறம் வியாபாரம் பிடித்துக்கொண்டது. காட்டு வேரைத் தோண்டித் தோண்டிச் சீனாவுக்கு ஏற்றினார்கள். 1750களில் பேராசைப்பட்டுப் பருவம் தப்பித் தோண்டி, அவசரமாக அடுப்புச் சூட்டில் காயவைத்து அனுப்ப, சீன வியாபாரிகள் வாங்க மறுத்தார்கள். கனடாவின் வியாபாரம் படுத்துவிட்டது. 1784இல் அமெரிக்காவில் இருந்து சீனாவுக்குப் போன முதல் வணிகக் கப்பல் நியூயோர்க்கில் இருந்து ஏறத்தாழ 30 தொன் ஜின்செங்கோடு புறப்பட்டது. இப்படியே தோண்டியதில் காட்டுச் செடி அருகிப்போக, 1975இல் இருந்து அமெரிக்க ஜின்செங்கின் வேர் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. முழு வேரும் வெட்டிய துண்டும் அதற்குள் அடங்கும். தூள், குளிசை, தேயிலைப் பை போன்றவை அடங்காது.

இன்று ஒன்ராறியோ மாகாணத்தில் தோட்டங்களில் நட்டு வளர்க்கிறார்கள். கறுப்பு நிழல்வலைக்குக் கீழே பாத்தி பாத்தியாக இருக்கும். அங்கே நோர்போக் பக்கத்து மணல் நிலங்கள் பல முன்பு புகையிலை விளைந்தவை. புகையிலைக்குக் கேள்வி குறைய விவசாயிகள் ஜின்செங்குக்கு மாறினார்கள். எங்கள் தோட்டக்காரர்களுக்கு இந்தக் கதை நன்றாக விளங்கும்.

அந்த நாடுகளில் எதற்காகப் பயன்படுத்தினார்கள்?

சீனத்தின் மிகப் பழைய மருந்து நூலிலேயே ஜின்செங் உயர்தர மருந்துகளின் வரிசையில் வருகிறது. நீண்ட வருத்தத்தால் உடம்பு தேய்ந்தவர்கள், வயது போனவர்கள், பசியில்லாதவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள் ஆகியோருக்குப் பலம் தருவதற்காகக் கொடுத்தார்கள். காய்ச்சல் கொதிக்கிற நேரத்தில் கொடுப்பதைத் தவிர்த்தார்கள். பெரும்பாலும் தனியாகக் கொடுக்கவில்லை. அதிமதுரம், இஞ்சி போன்றவற்றோடு சேர்த்து, ஆளைப் பார்த்து, அளவு பார்த்துக் கொடுத்தார்கள். எங்கள் சித்த வைத்தியர்கள் நாடி பார்த்துச் சரக்குச் சேர்க்கிற அதே ஒழுங்கு. இன்று போத்தலில் வருவது அந்த ஒழுங்கில் இருந்து பிரித்தெடுத்த ஒரு துண்டு மட்டுமே.

கொரியாவில் அது சாப்பாட்டிலும் இருக்கிறது. கோடையின் மிகச் சூடான மூன்று நாட்களில் கோழிக்குஞ்சின் வயிற்றுக்குள் பசையரிசி, உள்ளி, இலந்தைப்பழம், ஒரு பச்சை ஜின்செங் வேர் எல்லாம் வைத்து அவித்துக் குடிப்பார்கள். கொரியாவில் இருந்து வந்த பொடியன்கள் அந்தச் சூப்பைப் பற்றி நாக்கில் ஊறக் கதைப்பார்கள்.

களைப்புக்கு உண்மையிலேயே உதவுமா?

ஓரளவுக்கு. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2014இல் ஜின்செங்கைக் களைப்பு, பலவீனம் ஆகியவற்றுக்கான பாரம்பரிய மருந்து என்று ஏற்றது. ஆனால் நீண்டகாலப் பழக்கத்தை வைத்து ஏற்றார்களே தவிர, ஆய்வுகள் உறுதியாக நிரூபித்துவிட்டன என்று சொல்லவில்லை.

புற்றுநோயால் வருகிற களைப்பைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 364 நோயாளிகளைக் கொண்டு செய்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 2,000 மில்லிகிராம் அமெரிக்க ஜின்செங், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை. 4 கிழமையில் பெரிய வித்தியாசம் இல்லை. 8 கிழமையில் ஜின்செங் எடுத்தவர்களின் களைப்புக் கூடுதலாகக் குறைந்திருந்தது. அதற்காகப் புற்றுநோய் மருந்து எடுக்கிறவர்கள் தாங்களாகத் தொடங்கக் கூடாது. அந்த ஆய்வு முழுக்க டொக்டர்களின் கண்பார்வையில் நடந்தது.

நான் கேட்டுக்கொள்வது ஒன்று. களைப்பு என்று வந்தால் முதலில் ஏன் களைப்பு என்று பாருங்கள். இரத்தச்சோகை, தைரொயிட், கூடிப்போன சீனி, இதய வருத்தம், நித்திரையின்மை, மனச்சோர்வு என்று காரணம் கனக்க இருக்கிறது. முன்வீட்டுப் படி ஏற மூச்சு வாங்குகிற ஒருவருக்கு ஜின்செங் கொடுத்து இரண்டு மாதம் பார்ப்பது, அவருக்கு இரண்டு மாதத்தை வீணாக்குவது. முதலில் இரத்தம் சோதியுங்கள்.

ஆண்களுக்கு நல்லது என்கிறார்களே?

வெட்கப்பட்டுத் தணிந்த குரலில் கேட்கிற கேள்வி. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீடு, விறைப்புக் குறைபாட்டில் ஜின்செங்கின் பலன் இருந்தாலும் மிகச் சொற்பம் என்றது.

பயம் எனக்கு வேறு பக்கம். 'ஜின்செங்', 'மூலிகை' என்று எழுதி ஆண்மைக்கென விற்கிற கப்சூல்களில் சில்டெனாபில் போன்ற இரசாயன மருந்தை யாருக்கும் சொல்லாமல் கலந்திருப்பதை வெளிநாட்டு மருந்து அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை வைத்திருக்கிற ஒருவர் அப்படிப்பட்ட கப்சூலைப் போட்டால் பிரசர் திடீரென்று விழுந்து உயிருக்கே ஆபத்து வரும். இணையத்தில் வாங்கிய, 'ஒரு மணித்தியாலத்தில் பலன்' என்று சொல்கிற எதையும் தொடவேண்டாம். உண்மையான ஜின்செங் ஒரு மணித்தியாலத்தில் அப்படி ஒன்றும் செய்யாது. அதோடு, இந்தக் குறைபாடு சீனி வருத்தத்தின் அல்லது இதய வருத்தத்தின் முதல் அறிகுறியாகவும் வரும். டொக்டரிடம் சொன்னால் அவர் சிரிக்கமாட்டார்.

ஞாபகசக்திக்கு? சோதனை எடுக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

ஆரோக்கியமான ஆட்களில் மூளைத்திறனைக் கூட்டும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2010இல் கொக்ரேன் மதிப்பீடு சொன்னது. 18 வயதுக்குக் கீழே ஜின்செங் வேண்டாம் என்பது ஐரோப்பிய முகமையின் அறிவுறுத்தல். ஓ/எல், ஏ/எல் பிள்ளைகளுக்கு நித்திரையும் காலைச் சாப்பாடும் கொடுங்கள்.

தடிமன் வராமல் தடுக்குமா?

அமெரிக்க ஜின்செங் சாற்றைக் குளிர்காலம் முழுக்க எடுத்தவர்களுக்குத் தடிமன் வருவது கொஞ்சம் குறைந்ததாகக் கனடாவில் செய்து 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால்தான் அங்கே பலர் வாங்குகிறார்கள். தடிமன் பிடித்த பிறகு குடித்துப் பலன் எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு மல்லித்தண்ணி போதும்.

எனக்குச் சீனி வருத்தம். குடிக்கலாமா?

இங்கே கவனமாக வாசியுங்கள். அமெரிக்க ஜின்செங்குக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சீனியைக் குறைக்கிற தன்மை இருக்கிறது. ரொறன்ரோவில் செய்து 2000இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், 3 கிராம் ஜின்செங் எடுத்த இரண்டாம் வகைச் சீனி வருத்தக்காரர்களின் சீனி ஏற்றம் ஐந்தில் ஒரு பங்கு அளவில் குறைந்தது. பங்கெடுத்தவர்கள் மொத்தம் 19 பேர்தான், ஆனாலும் வேலை செய்கிறது என்பது தெரிந்தது.

"அப்ப நல்லதுதானே" என்பீர்கள். சாப்பாட்டால் மட்டும் கட்டுப்படுத்துகிற ஒருவருக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் நீங்கள் இன்சுலின் குத்துகிறவர், அல்லது கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை போடுகிறவர் என்றால், இரண்டும் சேர்ந்து சீனியைத் தேவைக்கு மேல் இறக்கிவிடலாம். வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி விரதம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிற நாளில் இது இன்னும் மோசம். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று, குழம்பிய கதை இவையெல்லாம் சீனி இறங்கியதன் அடையாளங்கள். தனியே இருக்கிற வயதானவர் இரவில் இப்படி விழுந்தால் யார் பார்ப்பது? அதனால் கிளினிக் டொக்டருக்குச் சொல்லாமல் தொடங்க வேண்டாம். அவர் சம்மதித்தாலும் முதல் கிழமைகளில் சீனியை அடிக்கடி சோதியுங்கள். ஜின்செங் குடிக்கிறேன் என்று கிளினிக் குளிசையை நிறுத்துவது மட்டும் ஒருபோதும் செய்யக்கூடாத வேலை.

பிரசர் உள்ளவர்கள்?

சிலருக்குக் கூட்டும், சிலருக்குக் குறைக்கும், பலருக்கு ஒன்றும் செய்யாது. பிரசர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் தவிர்க்க வேண்டும். கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் குடிக்கத் தொடங்கினால் வீட்டிலே அளந்து எழுதி வையுங்கள்.

இதய வால்வு மாற்றியவர்கள், வோர்பரின் போடுகிறவர்கள்?

வேண்டாம். மற்றக் கேள்விகளில் 'பார்க்கலாம்' என்று சொன்னேன், இங்கே சொல்லமாட்டேன்.

வோர்பரின் இரத்தம் உறையாமல் வைக்கிற மருந்து. அதன் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஐ.என்.ஆர். சோதனைக்கு உங்களைத் திரும்பத் திரும்ப வரச்சொல்கிறார்கள். 1997இல் ஒரு நோயாளியின் விவரம் மருத்துவ இதழில் வந்தது. 47 வயது, செயற்கை இதய வால்வு, ஐ.என்.ஆர். நிலையாக 3.1. ஜின்செங் கப்சூல் தொடங்கி இரண்டு கிழமையில் அது 1.5க்கு விழுந்தது, அதாவது இரத்தம் கெதியாக உறையக்கூடிய நிலைக்கு வந்தது. கப்சூலை நிறுத்த, திரும்ப ஏறியது. பிறகு 2004இல் சிக்காகோவில் 20 ஆரோக்கியமான ஆட்களை வைத்துச் செய்த ஆய்வும் அமெரிக்க ஜின்செங் வோர்பரினின் வலுவைக் குறைப்பதைக் காட்டியது. கொரிய ஜின்செங்கைப் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண். ஆனால் செயற்கை வால்வில் இரத்தக்கட்டி பிடித்தால் பக்கவாதம், வால்வு அடைப்பு என்றுதான் போகும். அதை வைத்துப் பரிசோதனை செய்யக்கூடாது.

வாதக் காய்ச்சலால் வால்வு பழுதாகி இளவயதிலேயே சத்திரசிகிச்சை செய்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற அண்ணாவோ அக்காவோ அன்போடு அனுப்புகிற பெட்டி அவர்களுக்கு ஆபத்தாகிவிடக் கூடாது. அனுப்புகிறவர்களும் முதலில் "என்ன குளிசை போடுகிறாய்?" என்று கேளுங்கள்.

வேறு எந்த மருந்துகளோடு ஒத்துவராது?

இரத்தம் கட்டிபடாமல் இருக்க அஸ்பிரின், குளொபிடோகிரல் எடுக்கிறவர்கள் டொக்டரைக் கேட்க வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற பினெல்சின் என்ற பழைய மருந்தோடு சேர்ந்து தலையிடி, நடுக்கம், அளவுக்கு மீறிய பரபரப்பு வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. இரத்தப் புற்றுநோய்க்கான ஐமட்டினிப் எடுத்துக்கொண்டே ஜின்செங் கலந்த பானம் குடித்த ஒருவரின் ஈரல் பாதிக்கப்பட்டதை 2010இல் எழுதியிருக்கிறார்கள். உறுப்பு மாற்றியவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து எடுக்கிறவர்கள் ஆகியோரும் தவிர்க்க வேண்டும்.

ஒப்பரேசனுக்கு நாள் குறித்திருந்தால் குறைந்தது 7 நாட்களுக்கு முன் நிறுத்துங்கள். கற்றரக்ட் ஒப்பரேசன் என்றாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கோடு சேர்த்துக் கொடுக்கலாமா? கர்ப்பகாலத்தில்?

இரண்டுக்கும் வேண்டாம். ஜின்செனோசைட் ஒன்று எலிக் கருக்களின் வளர்ச்சியைப் பாதித்ததை ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். மனிதரில் அப்படி நடக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை, ஆனாலும் வயிற்றில் பிள்ளையோடு துணியத் தேவையில்லை. தாய்ப்பாலில் எவ்வளவு கலக்கும் என்பதும் சரியாக அளந்து பார்க்கப்படவில்லை. அம்மம்மா இடித்த மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி போட்ட சரக்குக் கறியே பத்தியத்துக்குப் போதும். அதற்குள் கனடா வேரைப் போட வேண்டாம்.

மார்பகம், கருப்பை, சூலகம் ஆகியவற்றில் ஹோர்மோன் சார்ந்த புற்றுநோய் இருந்தவர்களும் தவிர்ப்பது நல்லது.

சரி, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எவ்வளவு, எப்படிக் குடிக்கலாம்?

காய்ந்த வேர் என்றால் நாளுக்கு 1 முதல் 2 கிராம். மெல்லிய துண்டு என்றால் நாலைந்துதான் வரும், சமையல் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். சிறிய மண்சட்டியில் மூன்று கோப்பை தண்ணீர் விட்டு, துண்டுகளைப் போட்டு, மெல்லிய நெருப்பில் ஒரு கோப்பையாக வற்றும்வரை வையுங்கள். மண்வாசம் எழும்பும். முதல் வாயில் கைக்கும், விழுங்கிய பிறகு மெல்லிய இனிப்பு நாக்கில் நிற்கும். கைப்புப் பிடிக்காவிட்டால் பனங்கற்கண்டு கொஞ்சம் கடித்துக்கொண்டு குடிக்கலாம். அவித்த துண்டுகளையும் சப்பித் தின்னலாம்.

காலையில் குடியுங்கள். பின்னேரம் குடித்தால் இரவு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டிவரும். அதே நேரத்தில் கடும் தேத்தண்ணியோ கோப்பியோ வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் படபடப்பு வரும்.

சாறும் குளிசையும் வேறு கணக்கு. பத்து மடங்கு இறுக்கிய சாறும் உண்டு, அரைகுறைத் தூளும் உண்டு. பெட்டியில் போட்டிருக்கிற அளவைத் தாண்ட வேண்டாம். தொடர்ந்து குடிக்கிற காலத்தை மூன்று மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து கிழமையில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் கூட்டிக் கூட்டிக் குடிக்காமல் விட்டுவிடுங்கள்.

என்ன பக்கவிளைவுகள் வரும்?

நித்திரையின்மைதான் அதிகம். தலையிடி, வயிற்றுக்குத்து, வயிற்றோட்டம் சிலருக்கு. பெண்களுக்கு மார்பு நோவும், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கும் அரிதாக வந்திருக்கிறது. நின்ற பிறகு இரத்தம் பட்டால் 'ஜின்செங் சூடுதான்' என்று விட்டுவிடாமல் உடனே டொக்டரிடம் போங்கள். தோலில் தடிப்பு, மூச்சுத்திணறல் என்றால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

அது சூடா, குளிர்மையா?

எங்கள் ஆக்கள் எதையும் இந்தக் கேள்வி கேட்காமல் வாயில் வைக்கமாட்டார்கள். சீனர்களும் அப்படித்தான். அவர்கள் கணக்கில் கொரியச் சிவப்பு ஜின்செங் சூடு, அமெரிக்க ஜின்செங் குளிர்மை. ஹொங்கொங் போன்ற வெக்கை ஊர்களில் கனடா வேருக்கு அவ்வளவு கேள்வி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆய்வுகூடத்தில் அளக்கிற விஷயமல்ல இது, ஆனால் அவர்களுடைய நீண்ட அனுபவத்தில் வந்தது. சித்திரை வெயிலில் சிவப்பு ஜின்செங் குடித்துவிட்டுத் தலையிடி, முகம் எரிகிறது என்று வருகிறவர்களிடம் நான் நிறுத்தச் சொல்லுவேன். மாரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் அமுக்கிராவும் இதுவும் ஒன்றா?

செடி வேறு, குடும்பமும் வேறு. அமுக்கிரா கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'இந்திய ஜின்செங்' என்று விற்பது இதைத்தான். சித்த வைத்தியத்தில் அமுக்கிராச் சூரணத்தைப் பாலில் கொடுப்பார்கள். உடல் தேறவும் நித்திரை வரவும் கொடுப்பது. ஜின்செங் உசுப்பும், அமுக்கிரா ஆற்றும் என்று பொதுவாகச் சொல்லலாம். அமுக்கிராவுக்கும் எச்சரிக்கை உண்டு. கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது, தைரொயிட் குளிசை போடுகிறவர்கள் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், ஈரல் பாதிப்பு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

என் சொந்த அபிப்பிராயம்: தேற்றத்துக்கு ஏதாவது வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குப் போய் ஒருமுறை காட்டலாம். அங்கே உங்களைப் பார்த்து, உங்கள் வருத்தத்தைக் கேட்டுத் தருவார்கள். சூட்கேசில் வந்த பெட்டிக்கு உங்களைத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் வளர்க்கலாமா?

முடியாது. விதை முளைக்கவே நீண்ட குளிர் வேண்டும். சாதாரணமாக ஒன்றரை ஆண்டு எடுக்கும். பிறகு ஒவ்வோர் ஆண்டும் பனிக்கால உறக்கம் வேண்டும். நுவரெலியாவில்கூட அவ்வளவு நீண்ட உறைபனிக்காலம் இல்லை. எங்கள் வெயிலுக்கு ஒரு கிழமை தாங்காது. இன்னொன்று, ஒருமுறை ஜின்செங் விளைந்த நிலத்தில் பல ஆண்டுகளுக்குத் திரும்ப ஜின்செங் நன்றாக வராது. 'கன்று தருகிறோம்' என்று யாராவது இணையத்தில் விற்றால் வாங்கி ஏமாற வேண்டாம்.

எப்படிப் பாதுகாப்பது?

எங்கள் ஈரக்காற்றில் காய்ந்த வேரில் கெதியாகப் பூஞ்சணம் பிடிக்கும், வண்டும் துளைக்கும். காற்றுப்புகாத கண்ணாடிப் போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். துண்டை ஒடித்தால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. வெள்ளை அல்லது பச்சைப் பூஞ்சணம் கண்டால், கழுவிக் காயவைத்துப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள், எவ்வளவு விலை என்றாலும்.

டொக்டரிடம் சொன்னால் ஏசமாட்டாரா?

கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கும், டொக்டருக்கு நேரமிராது, அதனால் பலர் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள். நீளமாகக் கதைக்கத் தேவையில்லை. பெட்டியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்திருந்து, "டொக்டர், இதைக் குடிக்கலாமா?" என்று காட்டுங்கள். எப்போது தொடங்கினீர்கள், நாளுக்கு எவ்வளவு என்பதைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். பெட்டியில் கொரிய எழுத்து மட்டும் இருந்தால், உள்ளே என்ன, எத்தனை மில்லிகிராம் என்று அனுப்பிய பிள்ளையிடமே ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். அது வந்து சேரும்வரை பெட்டியைத் திறக்க வேண்டாம்.